நல்லா இருக்குற குழந்தைக்கு எதுக்கு செக்கப்? 8 மாச பாப்பாவோட அம்மா கேட்டதுக்கு என் பதில்

திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை பாக்குற ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. பொண்ணு பாப்பாவுக்கு 8 மாசம், பொறந்தப்ப 2.6 கிலோ, இப்ப 7.1 கிலோ, நல்லா விளையாடுது, ஆனா பக்கத்து வீட்டு குழந்தை கொழுகொழுன்னு இருக்குறத பாத்துட்டு மாமியார் தினம் "புள்ள இளைச்சு போச்சு, உன் பால்ல சத்து இல்ல"ன்னு சொல்றாங்க, செக்கப் போனா ஊசி போட்டு ரெண்டு நிமிஷத்துல அனுப்பிடுறாங்க, அதுக்கு ஒரு நாள் சம்பளம் போகுது, ஒண்ணும் இல்லாத குழந்தைய எதுக்கு தூக்கிட்டு போகணும், போனா என்னதான் கேக்கணும்னு. குழந்தைங்க ஓபில ரொம்ப வருஷமா நர்ஸா இருக்கேன், எனக்கும் ரெண்டு பசங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்மா.

மொதல்ல மனசு ஆறட்டும், உங்க பாப்பா எடை சரியாதான் இருக்கு. 8 மாச பொண்ணுக்கு சராசரி 7.9 கிலோ, 6.3க்கு கீழ போனாதான் எடை குறைவுன்னு சொல்லுவோம், 7.1ங்கறது நல்ல பச்சை பகுதிக்குள்ள. அதுவும் 2.6ல பொறந்த குழந்தை. பொறந்த எடை 5 மாச வாக்குல ரெண்டு மடங்கு, ஒரு வயசுல மூணு மடங்கு ஆகணும்ங்கறது பொதுவான கணக்கு, உங்க பாப்பாவுக்கு ஒரு வயசுக்கு 7.8 வந்தாலே அந்த கணக்கு நேரா இருக்கு, இப்பவே 7.1ல நிக்குது. பக்கத்து வீட்டு குழந்தை 3.5 கிலோவுல பொறந்திருந்தா அது 9 கிலோ இருக்கும், அது வேற கோடு, இது வேற கோடு. உங்க பால்ல சத்து இல்லன்னா இந்த எடை வந்திருக்காது.

இந்த கோடுன்னு சொன்னேன்ல, செக்கப்போட உயிரே அதுலதான் இருக்கு. உங்க தாய் சேய் நல கார்டுக்குள்ள ஒரு கட்டம் போட்ட சார்ட் இருக்கும், பொண்ணுக்கு தனி, பையனுக்கு தனி, பச்சை மஞ்சள் ஆரஞ்சுன்னு பட்டை பட்டையா. நிறைய பேர் கார்டுல அந்த பக்கம் காலியாவே இருக்கும், ஊசி போட்ட தேதி மட்டும் நிரம்பி இருக்கும், எனக்கு அத பாக்கும்போதெல்லாம் மனசு கஷ்டமா இருக்கும். ஒரு நாள் எடைய மட்டும் வச்சு குழந்தைய பத்தி பெருசா எதுவும் சொல்ல முடியாது, நாலஞ்சு புள்ளிய சேத்து கோடு போட்டாதான் அது மேல போகுதா, படுத்துருச்சான்னு தெரியும். பச்சைக்குள்ளயே இருந்தாலும் ரெண்டு மாசமா கோடு படுத்து கிடந்தா அத விசாரிக்கணும், மஞ்சள்ல இருந்தாலும் கோடு சீரா மேல ஏறிட்டு இருந்தா எனக்கு கொஞ்சம் நிம்மதி. இன்னைக்கு "நல்லா இருக்கு"ன்னு தெரியறப்பவே புள்ளி வைக்கணும், அப்பதான் நாளைக்கு ஏதாவது மாறினா எதுல இருந்து மாறுச்சுன்னு தெரியும். ஒண்ணும் இல்லாத குழந்தைய எதுக்கு தூக்கிட்டு போகணும்னு நீங்க கேட்டதுக்கு என்னோட பதில் இதுதான்.

அந்த சார்ட் ஏதோ வெள்ளைக்காரங்க குழந்தைய வச்சு போட்டதுன்னு சில பேர் சொல்லுவாங்க, அப்படி இல்ல. உலக சுகாதார நிறுவனம் 2006ல வெளியிட்டது, பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு ஆறு நாட்டு குழந்தைங்கள அளந்து போட்டது, நம்ம நாட்டுல தெற்கு டெல்லி குழந்தைங்க. நல்லா தாய்ப்பால் குடிச்சு, நல்ல சூழ்நிலைல வளந்த குழந்தைங்க எல்லா நாட்டுலயும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளந்துச்சுங்கறதுதான் அதுல தெரிஞ்சது, அதனால "நம்ம ஊரு புள்ளைங்க அப்படித்தான் இருக்கும்"னு விடவும் வேணாம், பயப்படவும் வேணாம். இன்னொண்ணு, எடை ஏறுற வேகமும் மாறும். மொத மூணு மாசம் மாசத்துக்கு முக்கால் கிலோவுக்கு மேல கூட ஏறும், 6 மாசத்துக்கு அப்புறம் 300 கிராம் கிட்ட, 9 தாண்டுனா 200, 250 கிராம்தான். இந்த வேகம் குறையறத பாத்துட்டுதான் வீட்டுல பெரியவங்க "இளைச்சு போச்சு"ன்னு சொல்றது, குழந்தை அப்பதான் தவழ ஆரம்பிச்சு நீளமும் ஆகும், அந்த மடிப்பு மடிப்பா இருந்த சதை குறையும், அது நோய் இல்ல.

எடை போடறதுல கவனிங்க. ஒரு தடவை டயப்பரோட, ஒரு தடவை ஸ்வெட்டரோட, ஒரு தடவை அம்மா குழந்தைய தூக்கிட்டு மெஷின்ல ஏறி நின்னு அம்மா எடைய கழிச்சுன்னு போட்டா அரை கிலோ வித்தியாசம் சும்மாவே வரும், அத வச்சு வீட்டுல சண்டை வேற நடக்கும். முடிஞ்ச வரைக்கும் ஒரே இடத்து மெஷின், துணி டயப்பர் எல்லாம் கழட்டிட்டு, மெஷின் ஜீரோவுல இருக்கான்னு நீங்களே ஒரு பார்வை பாருங்க. நீளம் படுக்க வச்சு பலகைல அளக்கணும், ரெண்டு வயசு வரைக்கும் அப்படித்தான். தலை சுத்தளவு டேப்ல எடுக்கணும், பொறந்தப்ப 34, 35 சென்டிமீட்டர் இருக்குறது ஒரு வயசுல 45, 46 கிட்ட வரும், இத நிறைய இடத்துல எடுக்கறதே இல்ல, ஆனா தலை வேகமா பெருசானாலும் வளராம நின்னாலும் மூளை சம்பந்தமா சீக்கிரம் கண்டுபிடிக்க இந்த டேப்தான் வழி. "சிஸ்டர், தலை சுத்தளவும் எடுத்து கார்டுல எழுதிடுங்க"ன்னு கேளுங்க, தயங்கவே வேணாம், கேட்டா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. கூட்டம் அதிகமா இருக்குற நாள்ல எங்களுக்கே கை ஓடாது, கேக்குற அம்மாவுக்கு கண்டிப்பா எடுத்துடுவோம்.

இப்ப உங்களுக்கு அடுத்து வர்றது 9 மாச விசிட். இது பெரிய விசிட்மா, தவறவே விடாதீங்க. 9 மாசம் முழுசா முடியணும், முன்னாடியே போனா திருப்பி அனுப்பிடுவாங்க, ரெண்டு நாள் சம்பளம் போயிடும், அதனால பொறந்த தேதிய வச்சு எண்ணிட்டு போங்க. தமிழ்நாட்டுல பெரும்பாலும் புதன்கிழமைதான் பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்), சப் சென்டர்ல தடுப்பூசி நாள். அன்னைக்கு தட்டம்மை ரூபெல்லா ஊசி மொத டோஸ், நிமோனியா தடுப்பூசி பூஸ்டர், போலியோ ஊசி மூணாவது டோஸ் (இது 2023 ஜனவரில இருந்துதான் சேந்துச்சு, அதனால மூத்த குழந்தைக்கு போடலயேன்னு குழம்ப வேணாம்), அதோட வைட்டமின் ஏ திரவம் ஒரு லட்சம் யூனிட், அதாவது 1 மில்லி வாயில. விழுப்புரம், கடலூர் மாதிரி சில மாவட்டங்கள்ல மூளைக்காய்ச்சல் ஊசியும் உண்டு. ஒரே நாள்ல இத்தனை ஊசியான்னு மனசு பதறும், ஆனா சேத்து போடறதுல ஆபத்து இல்ல, பிரிச்சு பிரிச்சு போட்டா பாதில விட்டு போறதுதான் நடக்குது. ஒரு டோஸ் லேட் ஆயிட்டா மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்னு யாராவது சொன்னா அதுவும் தப்பு, விட்ட இடத்துல இருந்து தொடர்ந்தா போதும்.

லேசா சளி, மூக்கு ஒழுகல், ரெண்டு தடவை தண்ணியா போச்சு, இதுக்கெல்லாம் ஊசிய தள்ளி போட வேணாம். நல்ல காய்ச்சல் இருந்தா, குழந்தை சுருண்டு கிடந்தா மட்டும் டாக்டர் பாத்துட்டு முடிவு பண்ணுவாங்க. போட்டுட்டு அரை மணி நேரம் அங்கயே உக்காருங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிடாதீங்க, ரொம்ப அபூர்வமா வர்ற பெரிய அலர்ஜி அந்த நேரத்துக்குள்ளதான் வரும், அங்க இருந்தா மருந்து கைலயே இருக்கு. ஊசி போட்ட இடத்துல மஞ்சள், எண்ணெய், எதுவும் தடவாதீங்க, தேய்க்காதீங்க. முன்னாடி போட்ட பென்டா ஊசிக்கு (அஞ்சு நோய்க்கு சேத்து போடுறது) அன்னைக்கு ராத்திரியே காய்ச்சல் வந்திருக்கும், தட்டம்மை ஊசி அப்படி இல்ல, 5ல இருந்து 12 நாள் கழிச்சு லேசா காய்ச்சலும் சின்ன சின்ன தடிப்பும் வரலாம், அதுக்குள்ள ஊசி போட்டதே மறந்துரும், அம்மை போட்டுருச்சுன்னு வேப்பிலை கட்டி வீட்டுலயே வச்சிருப்பாங்க. ரெண்டு நாள்ல தானா போயிடும். போகலன்னா காட்டுங்க.

காய்ச்சல் மருந்து பத்தி இங்க அழுத்தி சொல்றேன், ஏன்னா வீட்டுல நடக்குற பெரிய ஆபத்து இதுதான். பாராசிட்டமால் குழந்தைக்கு எடைய வச்சுதான், கிலோவுக்கு 15 மில்லிகிராம்னு கணக்கு, 7 கிலோ குழந்தைக்கு 100 மில்லிகிராம் கிட்ட. ஆனா கடைல மூணு விதமா இருக்கு. சின்ன பாட்டில்ல வர்ற டிராப்ஸ் 1 மில்லில 100 மில்லிகிராம், சிரப்ல ஒண்ணு 5 மில்லில 125, இன்னொண்ணு 5 மில்லில 250. அப்ப அதே குழந்தைக்கு டிராப்ஸ்னா 1 மில்லி, 125 சிரப்னா 4 மில்லி, 250ன்னா 2 மில்லி. போன தடவை சிரப்புக்கு 4 மில்லின்னு சொன்னத ஞாபகம் வச்சுகிட்டு டிராப்ஸ்ல 4 மில்லி ஊத்துனா நாலு மடங்கு போயிடும், கல்லீரல் தாங்காது. அதனால ஒவ்வொரு செக்கப்புலயும் புது எடைய வச்சு "என் வீட்டுல இருக்குறது இந்த பாட்டில், இதுல எவ்வளவு மில்லி"ன்னு பாட்டில கைல எடுத்துட்டு போயி கேட்டு கார்டு ஓரத்துல எழுதி வாங்குங்க. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவுல 6 மணி நேரமாவது விடுங்க. இருமல் சிரப் இந்த வயசுக்கு வேணவே வேணாம், ரெண்டு வயசுக்கு கீழ இருமல் சளி மருந்து குடுக்கக்கூடாது, அஞ்சு வயசு வரைக்கும் பொதுவா தேவையில்லன்னு மத்திய சுகாதாரத்துறையே 2025 அக்டோபர்ல மாநிலங்களுக்கு எழுதுச்சு, அந்த நேரத்துல மத்திய பிரதேசத்துல விஷம் கலந்த இருமல் சிரப் குடிச்சு குழந்தைங்க செத்து போனது எல்லாருக்கும் தெரியும். மெடிக்கல் ஷாப்ல "சளிக்கு ஏதாவது குடுங்க"ன்னு கேக்குற பழக்கத்த தயவு செஞ்சு விட்டுருங்க.

ரெண்டு நிமிஷத்துல அனுப்பிடுறாங்கன்னு சொன்னீங்க, உண்மைதான், புதன்கிழமை கூட்டத்துல டாக்டரால அதுக்கு மேல குடுக்க முடியாது. அந்த ரெண்டு நிமிஷத்துல குழந்தை புது மூஞ்சிய பாத்து அழுதுட்டு இருக்கும், அது வீட்டுல என்ன பண்ணுதுன்னு அங்க யாருக்கும் தெரியாது, உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதனால நீங்க கொண்டு போறதுதான் செக்கப். போன்ல சின்ன சின்ன வீடியோ எடுத்து வைங்க, பாப்பா எப்படி உக்காருது, பொருள எந்த கைல எடுக்குது, கூப்பிட்டா எப்படி திரும்புது, சாப்பிடறப்ப எப்படி இருக்கு, மூச்சு விடறதுல சந்தேகம் இருந்தா அத சட்டைய தூக்கி நெஞ்சு தெரியற மாதிரி. டாக்டருக்கு பத்து செகண்ட் வீடியோ பத்து நிமிஷ விளக்கத்த விட ஒதவும். கேள்விய மூணா குறைச்சு எழுதிட்டு போங்க, முக்கியமானத மொதல்ல கேளுங்க, ஊசி போட்டப்புறம் குழந்தை கத்துறப்ப கேக்க முடியாது.

எத பாக்கணும்னா, 8, 9 மாசத்துல புடிமானம் இல்லாம உக்காரணும், பேர் சொன்னா திரும்பணும், பாபா தாதான்னு சத்தம் போடணும், தெரியாதவங்கள பாத்தா உங்க கழுத்த கட்டிக்கணும், ஒரு கைல இருந்து இன்னொரு கைக்கு பொருள மாத்தணும். தவழறது மட்டும் கணக்குல வைக்காதீங்க, சில குழந்தைங்க தவழாம நேரா எந்திரிச்சு நிக்கும். 9 மாசம் முடிஞ்சும் உக்காரலன்னா, ஒரு பக்க கைய மட்டுமே உபயோகிச்சா, உடம்பு ரொம்ப விறைப்பா இல்ல துணி மாதிரி தொளதொளன்னு இருந்தா, சத்தத்துக்கு திரும்பலன்னா காத்திருக்காம காட்டணும். ஒரு வயசுக்குள்ள கை காட்டி கேக்கறது, டாடா காட்டுறது, 16 மாசத்துல ஒத்த வார்த்தை, ரெண்டு வயசுல "அம்மா வா", "பால் தா"ன்னு ரெண்டு வார்த்தை சேத்து பேசறது, இது வரலன்னாலும், அதவிட முக்கியமா வந்தது திரும்ப போயிடுச்சுன்னாலும், உடனே. "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசுனான்"னு ஒரு பேச்சு எல்லா வீட்டுலயும் இருக்கு, அந்த பேச்ச நம்பி காது கேக்காத குழந்தைய மூணு வயசு வரைக்கும் வச்சிருந்து கூட்டிட்டு வர்றவங்கள நான் பாத்திருக்கேன், ரொம்ப வேதனை அது. காது பிரச்சினை 6 மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சு மிஷின் வச்சா பேச்சு நல்லா வரும், மிஷின்ல கேக்காதவங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துலயே 6 வயசுக்கு கீழ காக்ளியர் ஆபரேஷன் (காதுக்குள்ள கருவி வைக்கறது) இருக்கு, ஆனா வருஷம் ஓட ஓட பலன் குறையும். பாப்பா பொறந்தப்ப காது டெஸ்ட் பண்ணாங்களான்னு டிஸ்சார்ஜ் பேப்பர்ல பாருங்க, பண்ணலன்னா 9 மாச விசிட்ல கேளுங்க.

கண்ணும் அப்படித்தான். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோல கண்மணி ஒரு பக்கம் மட்டும் வெள்ளையா தெரிஞ்சா ஒரு நாள் கூட தள்ளி போடாதீங்க, அது கண் புத்துநோயா இருக்கலாம், சீக்கிரம் பாத்தா உயிரையும் காப்பாத்தலாம், நிறைய பேருக்கு கண்ணையும் காப்பாத்தலாம். மாறுகண் அதிர்ஷ்டம்னு விடாதீங்க, 6 மாசத்துக்கு அப்புறமும் இருந்தா கண் டாக்டர்கிட்ட காட்டணும், இல்லன்னா அந்த கண்ணோட பார்வை அப்படியே மங்கிடும். இந்த மாதிரி சந்தேகம் எதுனாலும் பால்வாடிக்கும் ஸ்கூலுக்கும் வர்ற ஆர்பிஎஸ்கே (அரசாங்கத்தோட குழந்தைகள் உடல்நல பரிசோதனை திட்டம்) டாக்டர் டீம்கிட்ட காட்டலாம், 2013ல ஆரம்பிச்ச திட்டம், 18 வயசு வரைக்கும் இலவசம், பால்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை வரணும், அங்க இருந்து மாவட்ட ஆஸ்பத்திரில இருக்குற ஆரம்ப நிலை சிகிச்சை மையத்துக்கு அனுப்புவாங்க.

சாப்பாட்டுக்கு வர்றேன், உங்க மாமியார் கவலைக்கு உண்மையான மருந்து இங்கதான் இருக்கு. 8 மாசத்துல தாய்ப்பாலோட ஒரு நாளைக்கு மூணு வேளை குழைஞ்ச சாப்பாடு வேணும். நிறைய வீட்டுல கஞ்சிய தண்ணியா காச்சி பாட்டில்ல ஊத்தி குடுக்குறாங்க, வயிறு ரொம்பிடும், சத்து இருக்காது. கேழ்வரகு கூழ் ஸ்பூன்ல இருந்து வழியாத பதத்துல இருக்கணும், பருப்பு சாதம் கெட்டியா, மேல ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ, மசிச்ச முட்டை, மீன் முள் எடுத்து, ஈரல், கீரை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், எல்லாம் இப்பவே குடுக்கலாம், முட்டைக்கும் மீனுக்கும் ஒரு வயசு ஆகணும்னு இல்ல. ஒரு வயசு வரைக்கும் உப்பு சர்க்கரை வேணாம், தேன் வேணவே வேணாம், அதுல இருக்குற கிருமி சின்ன குழந்தைக்கு நரம்ப தாக்கும். பால்வாடில குடுக்குற சத்துமாவ வாங்காம விடாதீங்க, அதுக்கு உங்க பாப்பா பேரு அங்க பதிவாகி இருக்கணும். டப்பாவுல விக்குற பவுடர், பிஸ்கட்ட பால்ல ஊற வச்சு ஊட்டுறது, இதெல்லாம் காசுக்கும் கேடு, பசிக்கும் கேடு.

பசும்பால் ஒரு வயசுக்கு முன்னாடி குடிக்க குடுக்காதீங்க, ஒரு வயசுக்கு அப்புறமும் ஒரு நாளைக்கு அரை லிட்டர தாண்ட வேணாம். "சோறு சாப்பிட மாட்டேங்குது, பாலாவது குடிக்கட்டும்"னு லிட்டர் கணக்குல குடுத்து, குழந்தை வெளுத்து போயி ஹீமோகுளோபின் 6, 7ன்னு வந்து நிக்கறது எங்க ஓபில சாதாரணம், பார்க்க கொழுகொழுன்னு இருக்கும், உள்ள ரத்தமே இருக்காது. பால்ல இரும்பு சத்து ரொம்ப கம்மி, வயித்த அடைச்சு மத்த சாப்பாட்டையும் விட வைக்கும். தாயோட உடம்புல இருந்து வாங்கி வச்ச இரும்பு சத்து 6 மாசத்தோட தீர்ந்துரும், அதனாலதான் 6 மாசத்துல இருந்து 5 வயசு வரைக்கும் வாரத்துக்கு ரெண்டு தடவை 1 மில்லி இரும்பு சத்து சிரப் அரசாங்கமே குடுக்குது. நர்சம்மாகிட்ட கேட்டு வாங்குங்க. மலம் கருப்பா போகும், பயந்து நிறுத்திடாதீங்க. பாலோட சேத்து குடுக்காதீங்க, நாக்குக்கு பின்னாடி விட்டா பல்லுல கறை படியாது.

மாமியார்கிட்ட சண்டை போட்டு ஜெயிக்க முடியாதுமா, ஜெயிக்கவும் வேணாம், நீங்க கம்பெனிக்கு போற நேரம் பூரா பாப்பா அவங்க கைலதானே இருக்கு, அவங்க பயப்படறதும் பாசத்துலதான். அடுத்த விசிட்டுக்கு அவங்களையும் கூட்டிட்டு போங்க. "அத்தை, நீங்களும் வாங்க, என்ன கேக்கணுமோ நேரா கேளுங்க"ன்னு. சார்ட்ல பச்சைக்குள்ள புள்ளி வைக்கறத அவங்க கண்ணால பாக்கட்டும், டாக்டர் வாயால கேக்கட்டும், நீங்க நூறு தடவை சொல்றத விட அது நிக்கும். அதோட, தொண்டைல ஏதோ சிக்கியிருக்கு, தொக்கம் எடுக்கறேன்னு வாயில ஊதி எடுக்கறது, குளிப்பாட்டும்போது மூக்குலயும் காதுலயும் எண்ணெய் விடறது, சளி எடுக்கறேன்னு தொண்டைக்குள்ள விரல் விடறது, இத மட்டும் நிறுத்தணும்னு டாக்டரையே சொல்ல வைங்க, மூக்குல விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு போயி நிமோனியா ஆகும், வசம்பும் உரமருந்தும் வாயில தேய்க்கறதும் வேணாம். அதே நேரம் எண்ணெய் தேச்சு உடம்பு புடிச்சு விடறது, தாலாட்டு, மடில வச்சு கதை பேசி ஊட்டுறது, இதெல்லாம் அவங்க பண்றதுல தங்கம், அத பாராட்டி சொல்லுங்க. பொட்டு வைக்கணும்னா நெத்தில, கால்ல வைக்கட்டும், கண்ணுக்குள்ள மை மட்டும் வேணாம்.

சம்பளம் போகுதுங்கறது சின்ன விஷயம் இல்ல, அத நான் லேசா சொல்ல மாட்டேன். எல்லா விசிட்டுக்கும் நீங்களேதான் போகணும்னு இல்ல, உங்க வீட்டுக்காரருக்கு எந்த வாரம் நைட் ஷிப்டோ அந்த வாரத்துல புதன்கிழமைய வைங்க, அவர் கைல கார்டும் வீடியோவும் மூணு கேள்வியும் குடுத்து விடுங்க, குழந்தை அவருக்கும் குழந்தைதான், ரெண்டு தடவை போயிட்டு வந்தா அவருக்கே எல்லாம் பழகிடும். கம்பெனில குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் பால் குடுக்க தினம் ரெண்டு இடைவேளை சட்டப்படி உங்களுக்கு உண்டு, 50 பேர் இல்ல அதுக்கு மேல வேலை பாக்குற இடத்துல குழந்தைங்க காப்பகம் வேணும்ங்கறது 2017ல கொண்டு வந்த திருத்தம், ஒரு நாளைக்கு நாலு தடவை அங்க போயி குழந்தைய பாத்துட்டு வரலாம். எச்ஆர்கிட்ட தனியா கேக்காம, கைக்குழந்தை வச்சிருக்குற நாலு பேர் சேந்து கேளுங்க.

கேள்வியோட கடைசில "நைட்ல காரணமே இல்லாம அழுகை வருது"ன்னு ஒத்த வரி எழுதியிருந்தீங்க, அத நான் தாண்டி போக மாட்டேன். டெலிவரிக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு மொத மாசத்தோட முடியற விஷயம் இல்ல, ஒரு வருஷம் வரைக்கும் வரலாம், தூக்கம் இல்லாம, வேலைக்கும் போயி, தினம் குத்தமும் கேட்டா யாருக்கும் வரும். உங்களுக்கும் ரத்தம் கம்மியா இருக்கான்னு, தைராய்டு சரியா இருக்கான்னு பாப்பா செக்கப் அன்னைக்கே பாத்துக்கலாம், டாக்டர்கிட்ட அந்த அழுகைய பத்தியும் சொல்லுங்க. நடு ராத்திரில பேசணும்னா 14416, டெலி மனஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயே பேசுவாங்க. குழந்தைய ஏதாவது பண்ணிடுவோமோ, நாமளே இல்லாம போயிடலாமோன்னு நினைப்பு வந்தா அன்னைக்கே வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்கு போகணும்.

புதன்கிழமைக்கு காத்திருக்கக்கூடாத நேரம்னு சிலது இருக்கு. பால் குடிக்க முடியாம போறது, குடிச்சதெல்லாம் வாந்தி, ஃபிட்ஸ், எழுப்பினாலும் எந்திரிக்காம கிடக்கறது, மூச்சு விடும்போது விலாவுக்கு கீழ உள்ள குழி விழுறது. குழந்தை அமைதியா இருக்கறப்ப ஒரு முழு நிமிஷம் மூச்ச எண்ணுங்க, ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வயசுக்குள்ள 50 இல்ல அதுக்கு மேல போனா வேகமான மூச்சு. பேதியாகும்போது உச்சிக்குழி அமுங்கி, கண் உள்ள போயி, 6 மணி நேரமா யூரின் போகலன்னா அதுவும். அப்ப 108தான். சாதாரண பேதிக்கு ஓஆர்எஸ் கொஞ்சம் கொஞ்சமா, தாய்ப்பால நிறுத்தாம, கூட ஜிங்க் மாத்திரை 14 நாள், பேதி நின்னாலும் 14 நாள் முடிக்கணும்.

9 மாச ஊசிக்கு அப்புறம் அடுத்த ஊசி 16 மாசத்துலதான், நடுவுல 7 மாசம் யாரும் உங்கள கூப்பிட மாட்டாங்க, இந்த இடைவெளிலதான் நிறைய குழந்தைங்க எடை படுத்து போறத பாக்குறோம், சாப்பாட்டுக்கு மாறுற நேரமும் அதுதான், அம்மா முழு நேர வேலைக்கு போற நேரமும் அதுதான். அதனால மாசம் ஒரு தடவை பால்வாடிலயே எடை போட்டு புள்ளி வச்சிருங்க, அதுக்கு லீவு கூட வேணாம், மாமியார் தூக்கிட்டு போனா போதும். ஒரு வயசுல ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டி ஹீமோகுளோபின் பாக்கணுமான்னு கேளுங்க, பல்லையும் காட்டுங்க, பூச்சி மாத்திரையும் ஒரு வயசுல இருந்துதான், ரெண்டு வயசு வரைக்கும் அரை மாத்திரை, பொடிச்சு தண்ணில கலந்து குடுக்கணும். 9 மாச எடையும் தலை சுத்தளவும் எவ்வளவு வந்துச்சுன்னு எழுதுங்கமா, கோடு எப்படி போகுதுன்னு பாத்து சொல்றேன்.